எழுதப் பயப்படும் பிள்ளைக்கு என்ன செய்யலாம்? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எழுதத் தடுமாறும் பிள்ளைகளுக்குப் பயிற்சி தரும் வேலையில் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். பெரும்பாலும் ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள். அவர்களைக் கொண்டுவந்து விடும் அம்மா அப்பாக்கள் வாசலில் நின்றபடி கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கின்றன. வாசலில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

வாயால கேட்டா கடகடன்னு சொல்றா. அதையே எழுதுன்னு சொன்னா கண்ணுல தண்ணி வந்துடுது. அது எப்படி?

நமக்கு எழுத்து கைக்குப் பழகிவிட்டதால் அது எத்தனை வேலை என்பது மறந்துபோய்விட்டது. "நேற்று மழை பெய்தது" என்று எழுத அவள் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள். முழு வாக்கியத்தையும் மனதில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்கு எந்த ழ என்று நினைவிலிருந்து எடுக்க வேண்டும். 'ழை' என்று சொல்லும்போது ழ்தான் முதலில் கேட்கிறது, எழுதும்போது ஐகாரக் குறியை முதலில் போட வேண்டும். ழ எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைந்து கீழே இறங்குகிறது என்று விரலுக்குச் சொல்ல வேண்டும். கோட்டின் மேல் நிற்க வேண்டும், சொல்லுக்குச் சொல் இடம் விட வேண்டும், பென்சிலை அளவாக அழுத்த வேண்டும், இன்னொரு கையால் தாளைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே நேரத்தில் மனதில் ஏந்திக்கொள்ளக்கூடிய இடம் யாருக்குமே குறைவு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. எழுத்தின் வடிவமும் எழுத்துக்கூட்டலும் யோசிக்காமல் வரும்வரை அந்த இடத்தை அவையே அடைத்துக்கொள்ளும். சொல்ல வந்தது பாதியிலேயே கைநழுவிப் போகும். "என்ன எழுத வந்தேன்னு மறந்துட்டேன்" என்று பிள்ளை சொன்னால் அது உண்மைதான், சாக்கு அல்ல.

அதனால் என்னிடம் வரும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இத்தனை வேலைகளில் இந்தப் பிள்ளைக்கு எது கனக்கிறது? அது தெரிந்தால் அதை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்கலாம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

சோம்பேறித்தனம்னு அவங்க அப்பா சொல்றாரு. உண்மையாவே முடியலையா, ஏமாத்துறானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நோட்டைப் பார்க்காமல் பிள்ளையைப் பாருங்கள். பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, எதுவும் சொல்லாமல். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவுக்குப் பென்சிலை இறுக்குகிறானா? கையை உதறுகிறானா? தாளைப் புரட்டிப் பின்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். எழுத்தெல்லாம் மேடாகத் தட்டுப்பட்டால் பென்சிலை எவ்வளவு அழுத்தியிருக்கிறான் என்று புரியும். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கிறானா? முதல் இரண்டு வரி பரவாயில்லை, ஐந்தாவது வரியில் எழுத்து சிதறுகிறதா? அது விரல் களைத்துப்போனதற்கு அடையாளம்.

அப்புறம் இதையும் கவனியுங்கள். பிடித்த வேலையிலும் கை தடுமாறுகிறதா? பொத்தான் போடுவது, கத்தரிக்கோலால் வெட்டுவது, சின்னச் சின்ன கட்டைகளை அடுக்குவது எல்லாவற்றிலும் சிரமம் இருந்தால் பிரச்சினை விரல் ஒருங்கிணைப்பில் இருக்கலாம். கைவேலை எல்லாம் நன்றாக வருகிறது, எழுத மட்டும் முடியவில்லை என்றால் எழுத்துக்கூட்டலிலோ, பயத்திலோ இருக்கலாம். பதினான்கு ஆண்டுகளில் 'சோம்பேறி' என்று சொல்லிக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகளில், அருகில் உட்கார்ந்து பார்த்தபின் வேறு காரணம் கிடைக்காத பிள்ளை ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை.

பயத்தால எழுத வரலையா, எழுத வராததால பயமா?

பெரும்பாலும் இரண்டாவதில் தொடங்கி முதலாவதில் போய் நிற்கும். எழுதுவது கஷ்டமாக இருக்கிறது, நோட்டில் சிவப்பு மை விழுகிறது, பக்கத்துப் பிள்ளை முடித்துவிட்டது. இது பத்து முறை நடந்தால் நோட்டைத் திறக்கும்போதே உடம்பு எச்சரிக்கையாகிவிடும். நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும், தசைகள் இறுகும். விரலை அசைப்பதும் தசைதானே! இறுகிய விரலில் எழுத்து இன்னும் மோசமாகும். மனதில் ஏற்கெனவே குறைவாக இருந்த இடத்தைக் கவலையும் வந்து அடைத்துக்கொள்ளும்.

இதில் நாம் கவனிக்கத் தவறுவது தப்பித்தலைத்தான். தண்ணீர் குடிக்கப் போகிறான், பென்சிலைச் சீவுகிறான், வயிற்றை வலிக்கிறது என்கிறான். சரி விடு என்று நோட்டை மூடியதும் பெரிய நிம்மதி. அந்த நிம்மதிதான் அடுத்த முறை பயத்தைக் கூட்டுகிறது, ஏனென்றால் 'எழுதாமல் இருந்தால்தான் தப்பிக்கலாம்' என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. அதற்காகப் பிடித்து வைத்து எழுத வைத்தாலும் பயம் கூடும். அடம் பிடிப்பதற்கும் விட்டுவிடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. வீட்டில் எங்கே தொடங்குவது என்ற கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

நாலு வயசு ஆகுது. இன்னும் ஒரு எழுத்துகூட ஒழுங்கா எழுத மாட்டேங்குறா. கவலைப்படணுமா?

இல்லை. எழுத்துக்கு முன்னால் கோடுகள் இருக்கின்றன. நேர்கோடு, படுக்கைக்கோடு, வட்டம் எல்லாம் இரண்டு மூன்று வயதில் வரத் தொடங்கும். கூட்டல் குறி நான்கு வயதை ஒட்டி, சதுரம் அதற்குக் கொஞ்சம் பின்னால், முக்கோணம் ஐந்து வயதை ஒட்டி. சாய்கோடு கைக்கு வராத பிள்ளைக்கு எழுத்தைத் திணித்தால், அவள் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் 'எனக்கு எழுத வராது' என்பதாகத்தான் இருக்கும். மாவு பிசையட்டும், காகிதம் கிழிக்கட்டும், மணி கோக்கட்டும், சுவரில் ஒட்டிய தாளில் பெரிது பெரிதாகக் கிறுக்கட்டும். செங்குத்தான பரப்பில் வரைவது மணிக்கட்டுக்கு நல்லது.

எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பி எழுதுவதும் ஏழு வயதுவரை சாதாரணம். அதற்குப் பிறகும் அடிக்கடி வந்தால் கவனிக்கலாம்.

பென்சிலைத் தப்பாப் பிடிக்கிறான். அடிச்சாவது மாத்தணும்னு சொல்றாங்க.

அடிக்க வேண்டாம், எதற்காகவும். பென்சில் பிடிப்பில் ஒரே ஒரு சரியான முறைதான் என்பது பழைய எண்ணம். மூன்று விரல் பிடிப்பு இருக்கிறது, நான்கு விரல் பிடிப்பு இருக்கிறது, கட்டைவிரல் பென்சிலைத் தாண்டிக் குறுக்கே போகும் பிடிப்பும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகளில் இவற்றுக்கிடையே வேகத்திலோ தெளிவிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. வலிக்காமல் எழுதுகிறானா, விரல்கள் அசைகின்றனவா என்று மட்டும் பாருங்கள். முழங்கையிலிருந்து மொத்தக் கையும் நகர்ந்தால், அல்லது முஷ்டியாகப் பிடித்தால், அப்போது மாற்றலாம். விரல் நீளத்துக்கு உடைத்த கிரேயான் துண்டைக் கொடுங்கள். முஷ்டிக்கு அதில் இடமே இருக்காது, விரல்நுனி தானாக வேலைக்கு வரும்.

பிடிப்பைவிட நாற்காலியை நான் அதிகம் பார்ப்பேன். பாதம் தரையில் அழுந்தாமல் தொங்கினால் உடம்பு ஆடும், ஆடும் உடம்பைப் பிடித்து நிறுத்தத் தோள் இறுகும், தோள் இறுகினால் விரலும் இறுகும். காலுக்கடியில் ஒரு பெட்டியைப் போடுங்கள். மேசை, மடக்கிய முழங்கையைவிடக் கொஞ்சமே உயரமாக இருக்கட்டும்.

இடது கைப் பழக்கம். வலது கைக்கு மாத்திட்டா எழுத்து சரியாகுமா?

ஆகாது. இன்னொரு கஷ்டம்தான் சேரும். நூறு பேரில் ஏறக்குறைய பத்துப் பேர் இடது கைக்காரர்கள். அந்தப் பிள்ளை தாளின் மேல்முனையை வலப்பக்கம் சாய்த்து வைத்துக்கொள்ளட்டும், பென்சில் முனையிலிருந்து மூன்று சென்டிமீட்டராவது மேலே பிடிக்கட்டும். எழுதியது கைக்குள் மறையாது, மை கலையாது. பெஞ்சில் இடது ஓரத்தில் உட்கார வைக்கச் சொல்லுங்கள், பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

சரி, வீட்டுல எங்க இருந்து ஆரம்பிக்கறது? நோட்டை எடுத்தாலே ஓடுறான்.

அப்படியென்றால் நோட்டை எடுக்காதீர்கள். முதல் வாரம் அவன் பேசட்டும், நீங்கள் எழுதுங்கள். அவன் கண்முன்னே, அவன் சொன்ன சொல்லை மாற்றாமல். "நாய் என்னைத் துரத்துச்சு, நான் மதில்மேல ஏறிட்டேன்" என்றால் அப்படியே. 'துரத்தியது' என்று திருத்த வேண்டாம். எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள். தன் பேச்சு தாளில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், நீங்களே அடுத்த நாளும் எழுத உட்காருவீர்கள்.

அடுத்த படி, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு சொல்லை விட்டு எழுதுங்கள். எந்தச் சொல் என்று அவன் முடிவு செய்யட்டும், அதை மட்டும் அவன் எழுதட்டும். அதற்கடுத்து, ஒரு வாக்கியம் நீங்கள், ஒரு வாக்கியம் அவன். பிறகு அவனுடையதாக ஒரே ஒரு வாக்கியம். பிறகு மூன்று. ஒவ்வொரு படியிலும் "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ள எவ்வளவு பயமா இருக்கு?" என்று கேளுங்கள். ஏழு எட்டு என்றால் படி உயரம், இன்னும் இரண்டாக உடையுங்கள். இரண்டு மூன்று என்றால் அங்கேயே நின்று பழகலாம். எப்போது மேலே போவது என்றால், அந்தப் படி அவனுக்கு அலுப்புத் தட்டும்போது. பயம் இருந்த இடத்தில் அலுப்பு வந்துவிட்டால் அதைவிட நல்ல செய்தி கிடையாது.

ஒரே விதி: எந்தப் படியானாலும், எவ்வளவு சின்னதானாலும், முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பது. ஒரு சொல் என்று பேசினால் ஒரு சொல்தான். நன்றாக எழுதிவிட்டானே என்று "இன்னும் ஒண்ணு" கேட்டுவிடாதீர்கள். பெற்றோர் செய்யும் தவறுகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். நாளைக்கு அவன் உங்கள் கணக்கை நம்ப வேண்டுமல்லவா?

நானே எழுதிக் கொடுத்தா அதுவே பழகிடாதா?

நீங்கள் வீட்டுப்பாடத்தை யோசித்து எழுதிக் கொடுத்தால் பழகிவிடும். யோசிப்பது அவன், எழுதுவது மட்டும் நீங்கள் என்றால் அவனுடைய ஒரு திறமை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. கை பின்தங்கியிருக்கும் ஆண்டுகளில் சிந்தனையும் பின்தங்கிப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இது. கைப்பயிற்சி தனியாக நடக்கட்டும், வேறு நேரத்தில். இரண்டையும் ஒரே உட்காரலில் கலக்காதீர்கள்.

தினமும் ரெண்டு பக்கம் எழுத வைக்கிறேன். எழுத்து அப்படியேதான் இருக்கு.

இரண்டு பக்கத்தில் முதல் ஐந்து வரிதான் பயிற்சி. மிச்சம் களைத்த கையால் தப்பான வடிவத்தை மனப்பாடம் செய்வது. ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும், சின்னப் பிள்ளைக்கு ஐந்து. ஆனால் வாரத்தில் பல நாள். இப்படி இருபது உட்காரலாவது ஆன பிறகுதான் மாற்றம் இருக்கிறதா இல்லையா என்றே நான் பேசுவேன்.

எப்படிச் செய்வது என்றால், புள்ளி மேல் புள்ளியாகத் தடம் பிடித்து எழுதுவதில் நிறுத்திவிடாதீர்கள். எழுத்து எங்கே தொடங்குகிறது, எந்தத் திசையில் போகிறது என்று அம்புக்குறி போட்டு ஒருமுறை காட்டுங்கள். பிறகு அதை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதச் சொல்லுங்கள். திறந்து ஒப்பிடட்டும். நான்கைந்து முறை எழுதியபின், "இதுல உனக்கு எது பிடிச்சிருக்கு? அதைச் சுத்தி வட்டம் போடு" என்று சொல்லுங்கள். தப்பைத் தேடிப் பழகிய கண் அப்போதுதான் நல்லதைத் தேடத் தொடங்கும்.

தமிழ் எழுத்துக்கென்று சில இடங்கள் இருக்கின்றன. சுழி இல்லாத ட, ப, ர போன்றவை கைக்கு எளிது, அவற்றில் தொடங்கி அப்புறம் சுழிக்குப் போகலாம். மூன்று சுழி ண எழுதும்போது பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிடுவார்கள், 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் நிற்கும். ண, ன இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுக்காதீர்கள். ஒன்று உறுதியான பிறகு மற்றது. உகரக் குறி ஒரே ஒலிதான், ஆனால் கு, சு, து, மு ஒவ்வொன்றிலும் வேறு வேறு வடிவம். அதைச் 'சின்ன விஷயம்' என்று தாண்டாமல் ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். கெ, கே, கை, கொ எல்லாவற்றிலும் குறி முன்னால் வருவதை முதல் கேள்வியில் சொன்னேன். எழுதியதை அழித்துவிட்டு முன்னால் குறியைச் சேர்க்கும் பிள்ளைக்கு அது தெரியாததல்ல, கேட்கும் வரிசையில் எழுதிவிடுகிறாள், அவ்வளவுதான்.

ரப்பர் போட்டு அழிச்சுக்கிட்டே இருக்கா. ஒரு வரி எழுத அரை மணி நேரம்.

எட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். 'அம்மா' என்று எழுத வேண்டும். அ போட்டாள், அழித்தாள். மறுபடி அ, மறுபடி ரப்பர். ஏழாவது முறை தாள் நைந்து ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டையை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. வீட்டில் எல்லாரும் அவளுடைய 'முத்து முத்தான கையெழுத்தை'ப் பாராட்டியே வந்திருக்கிறார்கள். அந்தப் பாராட்டைக் காப்பாற்றும் பாரம்தான் அவள் விரலில் இருந்தது.

அவளுக்கு நான் ரப்பரைப் பிடுங்கவில்லை, திடீரென்று பிடுங்கினால் பதற்றம் கூடும். முதலில் வெள்ளைப் பலகையும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்தேன், அதில் எதுவுமே நிலைக்காது. பிறகு தாளில், தப்பானால் ஒரே கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதும் பழக்கம். நானும் அவளோடு எழுதினேன், வேண்டுமென்றே அல்லாமல் எனக்கு இயல்பாக வரும் தப்புகளைக் கோடு போட்டு அடித்தேன். 'இன்னைக்கு ரப்பருக்கு மூணு தடவைதான் வேலை' என்று பேசிவைத்துக்கொண்டோம். இரண்டு மாதம் ஆயிற்று. பாராட்டும்போது 'அழகா இருக்கு' என்பதை விட்டு, 'அடிச்சுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிட்டியே' என்று அவள் செய்ததைச் சொல்லுங்கள்.

தப்பைத் திருத்தாம விட்டா அதுவே பழகிடுமே?

எல்லாத் தப்பையும் ஒரே நாளில் திருத்தினால்தான் ஒன்றும் பழகாது. ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் சொல்லுக்கு இடையே இடைவெளி என்றால், ல ள குழப்பம் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். அதைத் தனியாகக் குறித்து வைத்து அடுத்த வாரம் எடுக்கலாம். முதலில் சொல்ல வந்த விஷயத்துக்குப் பதில் சொல்லுங்கள், பிறகு எழுத்துக்கு. பிள்ளை "தாத்தா ஊருக்குப் போய்ட்டார், எனக்கு அழுகையா வந்தது" என்று எழுதியிருக்க, நாம் "அழுகைக்கு எந்த ழ?" என்று கேட்டால் அது அவளுக்கு எப்படி இருக்கும்?

ல, ள, ழ வேறுபாடு காதிலேயே விழாத பிள்ளைகளும் உண்டு. வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள். உச்சரிப்பில் மூன்றும் ஒன்றாக வந்தால் எழுத்தில் மட்டும் எப்படிப் பிரியும்? அடிக்கடி காதுவலி, சளி வரும் பிள்ளை என்றால் காதையும் ஒருமுறை பரிசோதியுங்கள்.

"எதைப் பத்தி எழுதறதுன்னே தெரியல"ன்னு வெறும் தாளையே பார்த்துக்கிட்டு இருக்கான்.

வெற்றுத்தாள் பெரியவர்களையே மிரட்டும். அவனிடம் 'உன் விடுமுறை' போன்ற பெரிய தலைப்பைக் கொடுக்காதீர்கள். குறுக்கிக் கொடுங்கள்: விடுமுறையில் நடந்த ஒரே ஒரு நிமிடம். அவன் முதலில் படமாக வரையட்டும். படத்தைக் காட்டி "இவன் கையில என்ன? ஏன் ஓடுறான்? அப்புறம்?" என்று கேளுங்கள். அவன் சொல்வதில் நான்கு சொற்களை மட்டும் துண்டுத்தாளில் குறித்து அவன்முன் வையுங்கள். வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். இப்போது தாள் வெறுமையாக இல்லை.

வீட்டுல எழுதிடுறான். வகுப்புல, பரீட்சைல உறைஞ்சு போயிடுறான்.

வீட்டில் ஏறிய படிகள் வகுப்பில் தானாக வராது. அங்கே கடிகாரம் இருக்கிறது, மற்றப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் மேலே சொன்ன ஏணியை அந்த இடத்துக்கும் புதிதாகப் போட வேண்டும்: வீட்டிலேயே மணி வைத்து எழுதுவது, பிறகு பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருக்க எழுதுவது, பிறகு கேள்வித்தாள் மாதிரி ஒன்றைப் பார்த்து எழுதுவது. முதல் வரியை எப்படித் தொடங்குவது என்பதை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். உறைதல் பெரும்பாலும் முதல் வரியில்தான்.

2011-ல் 'சயின்ஸ்' இதழில் ராமிரெஸ், பெய்லக் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன்னால் பத்து நிமிடம் தங்கள் கவலைகளைக் கொட்டித் தீர்த்த மாணவர்கள், குறிப்பாகத் தேர்வு பயம் அதிகம் உள்ளவர்கள், நன்றாகச் செய்தார்கள். அந்த மாணவர்கள் எழுதிக் கொட்டினார்கள். எழுதவே பயப்படும் பிள்ளையிடம் அதையும் எழுதச் சொல்ல முடியாது. எனவே நான் வாயால் சொல்ல வைக்கிறேன். "என்ன ஆகிடும்னு பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்போது "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பிள்ளையின் வாயை அடைக்காமல் முழுவதும் கேட்பது.

டீச்சர்கிட்ட என்னன்னு சொல்றது? குறை சொல்ற மாதிரி ஆயிடாதா?

குறையாகச் சொல்லாமல் வேண்டுகோளாகக் கொண்டுபோங்கள், அதுவும் ஒன்றிரண்டாக. கரும்பலகையைப் பார்த்து எழுதும் அளவைப் பாதியாக்குவது. பதிலை வாயால் சொல்ல ஒரு வாய்ப்பு. எழுத்தின் அழகுக்கும் பதிலின் சரிக்கும் தனித்தனியாக மதிப்பிடுவது. எல்லார் முன்னும் நோட்டைத் தூக்கிக் காட்டாமல் இருப்பது. தப்புக்குத் தண்டனையாக இம்போசிஷன் எழுத வைக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எழுத்தையே தண்டனையாக்கினால் நாம் செய்வதெல்லாம் வீண். வீட்டில் அவன் சொல்லி நீங்கள் எழுதிய பக்கத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு போங்கள். இவ்வளவு அவனுக்குள் இருக்கிறது என்பதை ஆசிரியர் அதில்தான் பார்ப்பார்.

எழுதினா பரிசு தரலாமா?

தரலாம், உட்கார்ந்ததற்கும் முடித்ததற்கும். அழகாக எழுதியதற்கு வேண்டாம். பொருளைவிட, எந்தக் கதையை எழுதுவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நன்றாக வேலை செய்கிறது.

பேசாம டைப் பண்ண விட்டுடலாமா? போன்லயே பேசினா எழுதிடுதே.

இரண்டும் நல்ல கருவிகள். கை மிகவும் பின்தங்கிய பிள்ளைக்கு நீண்ட கட்டுரையைத் தட்டச்சில் அல்லது குரல்வழியில் செய்ய விடுவதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தட்டச்சும் ஒரு கைத்திறன், எழுத்தைத் தேடித் தேடி அழுத்தும் பிள்ளைக்கு அது கையெழுத்தைவிட மெதுவாகவே இருக்கும். அதற்கும் பயிற்சி வேண்டும். குரலில் சொன்னதை இயந்திரம் தப்பாக எழுதும்போது கண்டுபிடிக்கும் அளவு வாசிக்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். தொடக்க வகுப்புகளில் கையால் எழுதிப் பழகுவது எழுத்துகளை அடையாளம் காணவும் உதவுகிறது என்பதால், கையெழுத்தை முழுக்கக் கைவிட மட்டும் சொல்ல மாட்டேன்.

'டிஸ்கிராஃபியா'ன்னு ஒருத்தர் சொன்னாங்க. எப்போ டாக்டர்கிட்ட போறது?

கையெழுத்து, எழுத்துக்கூட்டல், எண்ணத்தை எழுத்தில் கோத்தல் இவற்றில் விடாப்பிடியாக இருக்கும் சிரமத்துக்குப் பொதுவாகச் சொல்லும் பெயர் அது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட, மனநலக் குறைபாடுகளை வகைப்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இது குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டின் கீழ், எழுத்து வெளிப்பாட்டுச் சிரமமாக வருகிறது. முறையான உதவி கொடுத்தும் ஆறு மாதமாவது சிரமம் நீடித்தால்தான் அப்படிச் சொல்வார்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன, எல்லாக் கைவேலையிலும் தடுமாறும் பிள்ளைக்கு வேறொன்று இருக்கலாம்: உடல் ஒருங்கிணைப்பு வளர்ச்சிக் குறைபாடு. அது நூறு பிள்ளைகளில் ஐந்தாறு பேருக்கு இருக்கிறது. கவனக்குறைவுப் பிரச்சினையும் அடிக்கடி கூடவே வரும். எனவே வீட்டிலிருந்து பெயர் சூட்டாதீர்கள்.

ஏழு எட்டு வயதிலும் வலியோடு எழுதுகிறான், ஆறு மாதப் பயிற்சியிலும் நகரவில்லை என்றால் முதலில் கண் பரிசோதனை, பிறகு குழந்தை மருத்துவர். அவர், அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ கல்வி உளவியலாளரிடமோ அனுப்புவார். எழுத வேண்டிய நாளன்று காலையில் வாந்தி, தூக்கமின்மை, பள்ளிக்கே போக மாட்டேன் என்ற பிடிவாதம் இவை வாரக்கணக்கில் நீடித்தால் குழந்தைகளுக்கான மனநல ஆலோசகரையும் பாருங்கள். நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று கை நடுங்கினால், ஒரு பக்கம் பலம் குறைந்தால், எழுத்தே மறந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

பேர் வெச்சுட்டா முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா? பிள்ளைகிட்ட சொல்லணுமா?

பெயர் இல்லாத பிள்ளைக்கும் முத்திரை இருக்கிறது. 'மக்கு', 'சோம்பேறி' என்று அவனே தனக்குக் குத்திக்கொண்டிருப்பான். அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லலாம். நான் சொல்லும் விதம் இதுதான்: "உன் யோசனை வேகமா ஓடுது. உன் கை அதோட சேர்ந்து ஓட இன்னும் பழகணும். பழக்கறதுக்கு வழி இருக்கு, அதுவரைக்கும் உதவியும் இருக்கு." முறையான மதிப்பீடு இருந்தால் பல இடங்களில் தேர்வுக்குக் கூடுதல் நேரமோ, எழுதித் தர ஒருவரோ கேட்டுப் பெற முடியும். அதை ஏன் இழக்க வேண்டும்?

அழ ஆரம்பிச்சுட்டா என்ன பண்றது? எனக்கும் கோபம் வந்துடுது.

அழுகையின் நடுவில் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது, கற்றுக்கொடுக்கவும் முடியாது. பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுத்ததைவிட நீளமாக வெளியே விடச் சொல்லுங்கள், நீங்களும் கூடவே. கையை இறுக்கி மூடி, விட்டுவிடச் சொல்லுங்கள், நாலைந்து முறை. ஐந்து நிமிடம் நடந்துவிட்டு வந்து, படியைப் பாதியாக்கி, அந்தப் பாதியை முடியுங்கள். அன்றைக்கு ஒரே எழுத்தாக இருந்தாலும் சரி. விட்டுவிட்டுப் போவது ஏன் கூடாது என்று மூன்றாவது பதிலில் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கோபத்தைப் பற்றி: அது பெரும்பாலும் அவனுடைய எதிர்காலத்தைப் பற்றிய பயம். இரவு ஏழு மணிக்கு வேலை முடித்து வந்த களைப்பும் சேரும். முடிந்தால் கைப்பயிற்சியை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும், நீங்கள் அவன் கதை சொல்ல எழுதுகிறவராக மட்டும் இருங்கள். அவனுக்கும் உங்களுக்கும் நடுவே எழுத்து ஒரு சண்டையாக மட்டும் மிஞ்சிவிடக் கூடாது.

நல்லா போயிக்கிட்டு இருந்துச்சு. லீவு முடிஞ்சு வந்தா பழையபடி நோட்டைப் பார்த்து ஓடுறா. எல்லாம் வீணா?

வீணில்லை, இது வரும். புது வகுப்பு, புது ஆசிரியர், காய்ச்சலில் படுத்த ஒரு வாரம், எதுவும் பயத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். இரண்டு படி கீழே இறங்கி அங்கிருந்து தொடங்குங்கள். முதல் முறை இரண்டு மாதம் பிடித்த படியை இந்த முறை ஓரிரு வாரத்திலேயே தாண்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பழைய நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ரப்பரால் தாளை ஓட்டையாக்கிய அந்தப் பெண்ணும் ஒரு விடுமுறைக்குப் பிறகு இப்படித்தான் வந்தாள். அவளுடைய முதல் மாத நோட்டையும், விடுமுறைக்கு முந்தைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எந்த எழுத்து அழகு என்று கேட்கவில்லை. இரண்டிலும் ஒரு தாளைப் புரட்டிப் பின்பக்கம் தடவிப் பார்க்கச் சொன்னேன். முதல் நோட்டில் விரல் தட்டித் தட்டிப் போனது. இரண்டாவதில் வழுக்கிக்கொண்டு போனது. இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு பென்சில் கேட்டாள்.